ஒன்றரை லட்ச ரூபாய் காருக்கு 8,000 ரூபாய் செலவா? ஜவ்வாது மலை ஏறுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!

செகண்ட் ஹேண்ட் கார் பத்தி எப்ப பேசினாலும் தவறாம வர்ற கேள்வி இது: "என் வண்டியை வித்தா ஒன்றரை லட்சம் தேறுறதே கஷ்டம். முன்னாடி ரெண்டு பக்கமும் பால் ஜாயிண்ட் போயிடுச்சு, 8,000 ஆகும்னு மெக்கானிக் சொல்றார். இதுக்கு மேல இந்த வண்டியில பணம் போடலாமா?"

ரெண்டு நிமிஷ வீடியோவுல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல, அதனால இங்க எழுதுறேன். என் கருத்து: போடணும், அதுவும் தள்ளிப்போடாம போடணும். ஏன்னு கணக்கோட பார்ப்போம்.

பால் ஜாயிண்ட் என்ன வேலை செய்யுது?

நம்ம தோள்பட்டை மூட்டு மாதிரிதான். ஒரு குழி, அதுக்குள்ள சுழலுற ஒரு குண்டு. முன் சக்கரம் பள்ளம் மேட்டுக்கு ஏத்த மாதிரி மேலயும் கீழயும் போகணும், ஸ்டியரிங் திருப்பினா திரும்பவும் வேணும். ரெண்டுக்கும் இடம் கொடுக்கிறது இந்த மூட்டு. ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ மாதிரி சின்ன கார்கள்ல லோயர் ஆர்ம் முனையில, பக்கத்துக்கு ஒண்ணு இருக்கும். வண்டியோட எடையை ஸ்பிரிங் தாங்கிக்கும். ஆனா பிரேக் பிடிக்கும்போதும் வளைவுல திரும்பும்போதும் வர்ற விசை இந்த மூட்டு வழியாத்தான் போகுது.

மேல ஒரு ரப்பர் பூட் மூடியிருக்கும். அது கிழிஞ்சா கிரீஸ் வெளிய போகும், தண்ணியும் மண்ணும் உள்ள போகும். அப்புறம் தேய்மானம் ஆரம்பிக்கும். முதல்ல ஸ்பீடு பிரேக்கர்ல "டொக்"னு சத்தம், அப்புறம் ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்கும், டயர் ஒரு ஓரம் மட்டும் தேயும். கடைசி கட்டத்துல குண்டு குழியை விட்டு வெளிய வந்துடும், சக்கரம் மடங்கிடும். அதுக்கப்புறம் ஸ்டியரிங் உங்க கையில இருந்தும் பிரயோஜனம் இல்ல.

ஏன் ஜவ்வாது மலையை இழுக்கிறேன்?

சென்னை, பெங்களூருல வேலை பார்க்கிற நிறைய பேருக்கு இது இப்ப வீக்கெண்ட் இடம். ஜமுனாமரத்தூர், பீமன் நீர்வீழ்ச்சி, 1986லேர்ந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குற காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். போளூர் வழியா ஏறினாலும், அமிர்தி வழியா போனாலும், ஆலங்காயம் வழியா வந்தாலும் மலைப் பாதைதான்.

ஓ.எம்.ஆர். மாதிரி சமமான ரோட்டுல தேஞ்ச பால் ஜாயிண்ட் வெறும் சத்தத்தோட மாசக்கணக்குல ஓடலாம். மலை இறக்கத்துல நிலைமை வேற. எடை முன்பக்கம் சாயுது, கால் பிரேக்லயே இருக்கு, வளைவுக்கு ஸ்டியரிங் முழுசா ஒடிச்சிருக்கு, சரியா அங்க ஒரு பள்ளம். மூட்டுக்கு மோசமான எல்லாம் ஒரே நொடியில சேருது. பின் சீட்டுல அப்பா அம்மா இருக்கலாம். அது நம்ம வீக்கெண்ட் ரோடு மட்டும் இல்ல. மலைமேல இருக்கிற மக்கள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் இறங்குற ரோடும் அதுதான். நம்ம சக்கரம் மடங்கினா எதிர்ல பைக்ல வர்றவருக்கும் அதுல பங்கு உண்டு.

இப்ப கணக்கு

முதல் தப்பு, ரிப்பேர் செலவை வண்டியோட விலையோட ஒப்பிடுறது. ஒப்பிட வேண்டியது, இந்த வண்டி இல்லாட்டி நீங்க கட்டப்போற பணத்தோட. 8 லட்சம் லோன், 9% வட்டி, 7 வருஷம்னு வச்சுக்கங்க. இஎம்ஐ சுமார் 12,870 ரூபாய். மொத்த வட்டி மட்டுமே 2.8 லட்சத்தைத் தாண்டும். நீங்க யோசிக்கிற 8,000, அந்த இஎம்ஐயில 19 நாள் காசு. (8,000ங்கிறது உதாரணம்தான், உங்க மாடலுக்குக் கூடக் குறைய இருக்கும்.)

"2025 செப்டம்பர்ல சின்ன கார் ஜிஎஸ்டி 18% ஆயிடுச்சே, புதுசே வாங்கிடலாமே?"ன்னு கேட்கலாம். உதிரி பாகத்துக்கும் அதே சமயம் 28லேர்ந்து 18 ஆயிடுச்சு. ரிப்பேரும் மலிவாகியிருக்கு. புதுசுன்னா கவலையே இல்லன்னும் கிடையாது: 2023 ஜூலையில மாருதி நிறுவனம் எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகள்ல 87,599ஐ ஸ்டியரிங் டை ராடு சந்தேகத்துக்காகத் திரும்ப அழைச்சது.

ரெண்டாவது, "இன்சூரன்ஸ் இருக்கே"ங்கிற நினைப்பு. தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் வழக்கமான கார் பாலிசியில விலக்கு. விபத்தே ஆனாலும், 10 வருஷம் தாண்டின வண்டியில மெட்டல் பாகங்களுக்கு 50% கழிச்சுத்தான் க்ளெய்ம் தருவாங்க. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா உங்க வண்டிக்கு ஒரு பைசாவும் வராது.

மூணாவது, டயர். அலைன்மென்ட் நிக்காம டயர் ஓரம் தேய்ஞ்சா, மிச்சம் பிடிச்சதா நினைச்ச காசு டயர் கடைக்குப் போயிடும்.

மெக்கானிக் சொன்னா அப்படியே நம்பணுமா?

வேண்டாம், காட்டச் சொல்லுங்க. வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டும்போது, இன்னொருத்தர் மூட்டுல ஆட்டம் தெரியுதான்னு பார்க்கணும். வீல் பேரிங் போயிருந்தாலும் சக்கரம் ஆடும், அதனால ஆட்டம் எங்கேர்ந்து வருதுன்னு உங்க கண்ணால பாருங்க. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில மட்டும் போகாதீங்க.

சில மாடல்ல பால் ஜாயிண்ட் தனியா கிடைக்கும், சிலதுல லோயர் ஆர்மோட சேர்த்துத்தான் வரும். ஆர்ம் புஷ்ஷும் தேஞ்சிருந்தா முழு ஆர்மா மாத்துறது லாபம், கூலி ஒரு தடவையோட முடியும். பில்லோட நல்ல கம்பெனி பாகம் வாங்குங்க, பழசைத் திரும்பக் கேளுங்க, முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

எப்போ நிறுத்தணும்?

எந்தப் பழைய வண்டிக்கும் கண்ணை மூடிட்டு செலவு பண்ணுங்கன்னு சொல்லல. ஆர்ம் மாட்டுற இடத்துலயே துரு அரிச்சிருந்தா, இன்ஜின், கியர் பாக்ஸ்னு வரிசையா நின்னா, விக்கிறதுதான் சரி. 15 வருஷம் நெருங்குதுன்னா ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டணம், 20 வருஷம் தாண்டினா 10,000, அதோட பசுமை வரி. இதையும் கணக்குல சேருங்க. ஆனா விக்கிற நாள் வரைக்கும் ஓட்டப் போறது நீங்கதான். மூட்டை மாத்தாம விக்கிறீங்கன்னா, வாங்குறவர்கிட்ட சொல்லிட்டு விலையைக் குறைச்சுக்கங்க.

பழைய கார் வச்சிருக்கிறவங்க மாசம் 2,000 ரூபாய் தனி ஆர்.டி. போடுங்க. வருஷம் 24,000 ஆச்சு. எமர்ஜென்சி ஃபண்டைத் தொட வேண்டாம், ஏன்னா பால் ஜாயிண்ட் தேயுறது எமர்ஜென்சி இல்ல, என்னைக்காவது வரும்னு முன்னாடியே தெரிஞ்ச செலவு.

அடுத்த லாங் வீக்கெண்டுக்கு ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி வண்டியை ஒரு தடவை லிஃப்ட்ல ஏத்திப் பாருங்க. இந்த மாசம் பட்ஜெட் இடிக்குதா? ட்ரிப்பை அடுத்த மாசத்துக்குத் தள்ளுங்க, பால் ஜாயிண்ட்டைத் தள்ளாதீங்க.