தாய்க்குப் பின் யார்?

உத்திரமேரூர் என்றதும் நமக்கெல்லாம் நெஞ்சு நிமிரும். ஏன் நிமிராது? முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டு அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் நிற்கிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவன் கையால் எடுக்கச் செய்து, சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்லும் கல்வெட்டு. 2020 டிசம்பரில் டில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய அன்றுகூடப் பிரதமர் இந்த ஊரின் பெயரைச் சொன்னார்.

பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, யார் பெயர் குடத்தில் விழலாம் என்று அதே கல்லில் விதி இருக்கிறதே, படித்ததுண்டா? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதமும் தெரிந்திருக்க வேண்டும். உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை! அதைப்பற்றி இன்னொரு நாள் பேசுவோம். இன்று நான் பிடித்துக்கொள்வது அந்த இரண்டாவது விதியை. வீடு இல்லாதவனுக்கு ஊரில் குரல் இல்லை என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டினார்கள். கல் பழசாகிவிட்டது, வழக்கம் பழசாகவில்லை.

உத்திரமேரூர் வட்டத்தில் ஏதேனும் ஒரு சிற்றூரை மனத்தில் கொள்ளுங்கள். ஒரு தாய், வயது 66. கணவன் காலமாகிவிட்டான். மகனுக்கு 35 வயது. கல்வெட்டுக் கணக்குப்படி சபைக்கு வரும் வயது! உடல் வளர்ந்த அளவு அறிவு வளரவில்லை. மாட்டை அவிழ்ப்பான், தண்ணீர் சுமப்பான், டீக்கடையில் கிளாஸ் கழுவிக் கொடுப்பான். காசு எண்ணத் தெரியாது. மாத்திரையை ஒருவர் நினைவுபடுத்த வேண்டும். அண்ணன் ஒரகடத்துக் கம்பெனிக்கு விடியுமுன் பஸ் ஏறுகிறவன்; அவனுக்கு ஓர் அறை, இரண்டு பிள்ளைகள். அந்தத் தாய் இரவில் படுத்துக்கொண்டு என்ன நினைப்பாள்? "நான் கண்ணை மூடிட்டா இவன் என்ன ஆவான்?" அதற்கும் மேலே போய், "எனக்கு முன்னாடி இவன் போயிடணும், சாமி" என்று வேண்டிக்கொள்ளும் தாய்மார்கள் உண்டு. பெற்ற பிள்ளையின் சாவை ஒரு தாய் வரமாகக் கேட்கிறாள் என்றால், அவளைப் பழிக்காதீர்கள். அவளை அப்படிக் கேட்கவைத்தவர்கள் நாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இப்படிப்பட்டவர்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர்.

இதுவரை நாம் வைத்திருக்கும் விடை என்ன? அண்ணன் வீட்டுத் திண்ணை. அது இல்லாவிட்டால் எங்கோ தொலைதூரத்தில், வரிசையாகக் கட்டில் போட்ட விடுதி. அதுவும் இல்லாவிட்டால் கோயில் வாசல், தர்கா வாசல். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் என்ன நடந்தது? கொட்டகையில் தீப்பிடித்தது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள்! அவர்கள் மனநோய் கண்டவர்கள். மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைவு வேறு. முன்னது மருந்தால் தணியக்கூடியது, பின்னது பிறவியோடு அல்லது இளமையிலேயே வருவது. ஆனால் ஊர் இரண்டையும் ஒரே வசவுச் சொல்லால்தான் அழைக்கிறது. ஒரே சங்கிலியால்தான் கட்டுகிறது.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் வந்தது. எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது என்பதை அவரவரே தேர்ந்துகொள்ளலாம் என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா 2007-இல் அதை ஏற்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 5-ஆம் பிரிவு: சமுதாயத்தில் வாழ அவர்களுக்கு உரிமை உண்டு. நல்லது. அடுத்த வரியைப் பாருங்கள்: அதற்கான துணைச் சேவைகளைக் கொடுக்க அரசு 'முயல வேண்டும்'! கொடுக்க வேண்டும் என்றல்ல, முயல வேண்டும். முயன்றேன், முடியவில்லை என்றால் யார் கேட்பது? 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த தேசிய அறக்கட்டளை குழு இல்லத்துக்கு ஒரு திட்டம் போட்டது. அதற்கு வைத்த பெயர் கரௌந்தா. காப்பீட்டுக்கு நிராமயா. உத்திரமேரூர்த் தாய் வட்டாட்சியர் அலுவலகத்தில் போய் 'கரௌந்தா வேண்டும்' என்று கேட்பாளா, ஐயா?

முடியாத காரியமா இது? சென்னையில் 1993-இல் தொடங்கிய 'தி பான்யன்' என்ற அமைப்பு, மனநோயால் நெடுநாள் அடைபட்டுக் கிடந்தவர்களுக்காக 2015-இல் ஒரு வழி கண்டது. ஊர்த் தெருவில் சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் ஒரு குடும்பம்போல். உதவிக்கு ஒரு பணியாளர். சமைப்பது, கடைக்குப் போவது, பக்கத்து வீட்டாரோடு பேசுவது எல்லாம் அவர்களே. ஆண்டுக்கணக்கில் சுவருக்குள் இருந்தவர்களுக்கு அது முடியுமென்றால், பிறந்தது முதல் இதே தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு ஏன் முடியாது? நார்வே நாடு 1991-இல் அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான பெரிய விடுதிகளை மூடத் தொடங்கியது. பொறுப்பை யாரிடம் கொடுத்தது தெரியுமா? உள்ளாட்சிகளிடம்! அவனவன் ஊர் அவனவனைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

பணம் எங்கே என்று கேட்கும் குரல் காதில் விழுகிறது. பராமரிப்பு உதவித்தொகையை 2023 சனவரி முதல் மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகத் தமிழ்நாடு உயர்த்தியது. நல்ல செயல், பாராட்டுகிறோம். நான்கு பேர் தொகை சேர்ந்தால் 8,000. அரிசிக்கும் வாடகைக்கும் தட்டுத்தடுமாறிப் போதலாம். பணியாளர் கூலிக்குப் போதாது. அங்கேதான் அரசு கை நீட்ட வேண்டும். அந்தக் கூலியும் கூலியாக இருக்கவேண்டும்; 'மதிப்பூதியம்' என்று பெயர் சூட்டி நாலு காசைக் கொடுத்து ஏழைப் பெண்ணின் முதுகில் ஏற்றக்கூடாது. இத்தனை காலம் தாய் கூலியின்றிச் செய்த வேலை அது. எட்டு மணி நேரத்துக்காகப் போராடிய நமக்கு, 35 ஆண்டுகளாக ஒரு நாள் விடுப்பும் இல்லாத அவள் தொழிலாளியாகத் தெரியாமல் போனதேன்?

ஊரார் ஒப்புவார்களா, பெண் பிள்ளைகள் இருக்கும் தெருவாயிற்றே என்று முணுமுணுப்பவர்கள் வெளியில் மட்டுமல்ல, நம் கிளைக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். தீங்கு செய்கிறவர்களைவிடத் தீங்குக்கு ஆளாகிறவர்களாகவே இவர்கள் பெரும்பாலும் இருக்கிறார்கள். ஏமாற்றிக் கைநாட்டு வாங்கி மனையைப் பிடுங்குவதும் நடக்கிறது. நம் மேடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரியை ஏசும்போது 'மூளை வளராதவர்' என்று பேச்சாளர் சொல்ல, நாம் கைதட்டுகிறோம். முன்வரிசையில் அந்தத் தாய் உட்கார்ந்திருப்பாள்.

2025 ஏப்ரலில் சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழி செய்தது. குடவோலை ஊருக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? நாற்காலி வருகிறது, நல்லது. கூட்டம் முடிந்து அவர்கள் திரும்பிப்போக வீடும் வேண்டாமா?

மே முதல் நாள் கிராமசபை கூடும். நம் தோழர்கள் அங்கே மூன்று தீர்மானம் கொண்டுபோகட்டும்: இந்த ஊராட்சியில் பெற்றோருக்கு 60 வயது தாண்டிய இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்ற பட்டியல், அரசுத் தொகுப்பு வீடுகளில் ஒன்று இவர்களுக்கென ஊர் நடுவில், பணியாளருக்குச் சட்டப்படியான கூலி. எழுதுமுன் அந்த மகனையும் கேளுங்கள், யாரோடு இருக்கப் பிடிக்கும், எந்தத் தெரு பிடிக்கும் என்று. டீக்கடைக்குப் பக்கத்தில்தான் இருப்பேன் என்று அவன் சொன்னால், டீக்கடைக்குப் பக்கத்தில் என்றே தீர்மானத்தில் எழுதுங்கள்.