கண்ணீரும் கைக்கூலியும்

தொலைக்காட்சித் தொடர் என்றதும் முகம் சுளிப்போர் நம்மில் பலர். வீண்பொழுது என்று அதனை ஒதுக்குதல் எளிது. ஆயினும், அதனைக் காண்போர் கூறும் கருத்துகளுக்குச் செவிசாய்ப்போமானால், அங்கே ஒரு சமுதாயத்தின் மனச்சான்று பேசுவதை உணரலாம்.

திருமுருகன் இயக்கத்தில் 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிய 'மெட்டி ஒலி' இதற்குத் தக்க சான்று. தாயில்லாப் பெண்மக்கள் ஐவரைக் கரையேற்றப் போராடும் சிதம்பரம் என்னும் தந்தையாக டெல்லி குமார் அதில் நடித்தார். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அத்தொடர் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. புதுக்கோட்டை மாவட்டத்து முஸ்லிம் இல்லங்களிலும் பாட்டியும் பேத்தியும் ஒருங்கே அமர்ந்து அதனைக் கண்டனர்.

நாம் கேட்ட கருத்துகள் மூவகைப்பட்டன. "அழுகைக்கு ஓர் அளவில்லையா?" என்றனர் இளைஞர். "சரோ ஏன் எல்லாவற்றையும் பொறுத்துப் போகிறாள்?" என வினவினர் மாணவியர். மூதாட்டியரோ, "எங்க அத்தாவும் இப்படித்தான் சம்பந்தி வீட்டு வாசல்ல நின்னாங்க" என்று கண் கலங்கினர்.

அழுகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினைச் சுட்டுவார். பிறரால் இகழப்படும் இளிவே அவற்றுள் முதலாவது. சிதம்பரத்தின் கண்ணீர் வறுமையினும் இளிவால் விளைந்தது. மூதாட்டியர் இலக்கணம் பயின்றவரல்லர். எனினும் அதனைச் சரியாகவே இனங்கண்டனர்.

ஆனால், சிதம்பரத்திற்காகக் கண்ணீர் சிந்திய அதே வீடுகளில், மகனுக்கு நிக்காஹ் பேசும் நாளில் "எத்தனை பவுன்?" என்ற வினா எழுகின்றதே! மணமகளுக்குரிய மஹரை மனமுவந்து கொடுக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் பணிக்கின்றது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் வரதட்சணையைக் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்குகின்றது. முஸ்லிம்களின் மஹரை அக்குற்றத்திற்குப் புறம்பாக வைக்கின்றது. மார்க்கமும் சட்டமும் ஒன்றுபட்டு நிற்க, நாம் மட்டும் 'அன்பளிப்பு' என்னும் பெயரால் கைக்கூலியைக் காத்து வருகின்றோம். பெயர் மாறினும் பெண்ணைப் பெற்றவரின் இளிவு மாறுவதில்லை.

எனவே, தொடரைப் பார்க்காதீர் என்று கூறுவதினும், பார்த்தபோது வழங்கிய தீர்ப்பை வீட்டிலும் வழங்குக என்பதே நம் வேண்டுகோள். மாணவச் செல்வர்களே, உங்கள் திருமணப் பேச்சில் முதற்சொல் உங்களுடையதாகட்டும். ஜமாஅத் பெரியோர்களே, மஹரைக் கேட்டு எழுதும் நாவால் கைக்கூலியையும் கேட்டுத் தடுங்கள். அன்றுதான் நம் கண்ணீர் மெய்யாகும்.