வங்கிக்குத் திறந்த கதவு

ஆர்டிஐ போட்டு அலைஞ்ச ஒவ்வொருத்தரும் இதைப் படிக்கணும் உறவுகளே!

ரிசர்வ் வங்கி எழுதும் ஆய்வு அறிக்கைகளை மக்கள் கேட்டால் கொடுக்கணும் என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்ம சேமிப்பு கிடக்கிற வங்கி, நாம தெரிஞ்சுக்க வேண்டாமா? தீர்ப்பைத் திரும்பப் பெறச் சொல்லி வங்கிகள் மனு போட்டன. அப்படிக் கேட்க விதியிலேயே இடமில்லை என்று 2021 ஏப்ரலில் தள்ளுபடி.

முடிஞ்சுதுன்னு நினைச்சோம். வங்கிகள் ரிட் மனுவோடு வந்தன. 2015 தீர்ப்பு தனியுரிமையைக் கணக்கில் எடுக்கவில்லை என்றே தோன்றுவதாகச் சொல்லி, 2022 செப்டம்பரில் வேறொரு அமர்வு விசாரிக்கச் சம்மதித்தது!

இப்ப நம்ம பக்கம் பாருங்க. அரசு ஊழியரின் சொத்துக் கணக்கு, அவர் வாங்கிய மெமோ, தண்டனை எல்லாமே சொந்த விவரம், பெரிய பொதுநலன் காட்டினால்தான் தரலாம் என்றது 2012 தீர்ப்பு. 2019-ல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்தபோதும் அது அசையவில்லை. தகவல் அலுவலர்களுக்கு அதுதான் கவசம்.

சீராய்வு மனுவா? 30 நாளுக்குள் போடணும். பெரும்பாலும் அதே நீதிபதிகள், வக்கீல் வாதமே இல்லாமல், தங்கள் அறையிலேயே முடித்துவிடுவார்கள்.

தீர்ப்பு நிலைக்கணும், சரிதான். அந்தக் கண்டிப்பு வங்கிக்கும் வேணுமில்லையா? வங்கிக்காக 2015-ஐத் திறக்கலாம் என்றால், மக்களுக்காக 2012-ஐயும் திறங்கள்.

#தகவல்_அறியும்_உரிமை