உப்புக் கரிக்குது டாக்டர்!

"பிள்ளைக்கு முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குதுய்யா..."

கம்பத்திலிருந்து ஒரு தாய் வந்து இப்படிச் சொன்னால், நம் டாக்டர்களில் எத்தனை பேர் காது கொடுப்பார்கள்? "வெயில் காலம்மா, வேர்க்கத்தான் செய்யும்" என்று டானிக் எழுதி அனுப்பிவிட்டால் தீர்ந்தது வேலை!

அவள் சொன்னது புலம்பல் இல்லை சார். ஒரு நோயின் முதல் தடயம். பெயர், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நம் செல்களில் குளோரைடு அயனி போய்வர ஒரு வாசல் உண்டு. அந்த வாசலுக்கான மரபணுவை 1989-ல் கண்டுபிடித்தார்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அது பழுதாக வந்துவிட்டால், வாசல் ஒழுங்காகத் திறக்காது. வியர்வையில் உப்பு தங்கிவிடும். நுரையீரலில் சளி பசையாக இறுகும். கணையக் குழாய் அடைபட்டு, தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. கிருமியைக் கொல்லக் குளோரைடைப் பயன்படுத்தும் ரத்த வெள்ளை அணுக்கள்கூட நொண்டியடிக்கும்.

"அது வெள்ளைக்காரன் வியாதியாச்சே!" என்பார்கள். வேலூர் சி.எம்.சி-யில் இதற்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் என்ன, லண்டனிலிருந்தா வந்தார்கள்? அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற ஊரில், ஒரே பழுது இரண்டு பக்கமும் சேர வாய்ப்பு கூடத்தான் செய்யும். தேடாமலே 'இல்லை' என்றால் எப்படி? விடாத இருமல், ஆஸ்துமா கணக்கிலோ டி.பி. கணக்கிலோ போய்விடும். எலும்பும் தோலுமான உடம்பு, சத்துக்குறைவுக் கணக்கில்!

"கண்டுபிடிச்சு என்ன பண்ண? மருந்து விலையைக் கேட்டாலே மயக்கம் வருமே" என்பது அடுத்த சாக்கு. வாஸ்தவம்தான். 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரைகாஃப்டா மாத்திரைக்கு, அங்கே ஒரு வருடத்துக்கு வைத்த விலை 3 லட்சம் டாலருக்கும் மேல். ஆனால், கோடையில் வியர்த்து வீணாகும் உப்பை ஈடுகட்ட டாலரா வேண்டும்? சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை, சளி வெளியேற நெஞ்சைத் தட்டிக்கொடுக்கும் பயிற்சி, தொற்று வந்ததுமே மருந்து... இவை பிள்ளையின் ஆயுளைக் கூட்டும். நோய் இன்னதென்று தெரிந்தால்தானே இதையெல்லாம் செய்ய முடியும்?

சோதனையும் 1959-லிருந்தே இருக்கிறது. பைலோகார்பின் மருந்தை லேசான மின்சாரத்தால் கையில் செலுத்தி, வியர்வையைச் சேகரித்து, குளோரைடை அளப்பார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோல் தாண்டினால் உஷார். ஊசி இல்லை, கத்தி இல்லை.

க.விலக்கு உட்பட எல்லா அரசு மருத்துவக் கல்லூரியிலும் இது அன்றாடச் சோதனையாக வேண்டும். திராட்சையின் சர்க்கரையை அளக்கத் தெரிந்த பள்ளத்தாக்குக்கு, பிள்ளையின் வியர்வையில் உப்பை அளந்து சொல்ல மாட்டோமா?