ரயில் பாதி, பஸ் பாதி

சித்தப்பாவின் பயணத் திட்டம் எப்போதும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் பிறக்கும். முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம். பின்பக்கத்தில் மேட்டுப்பாளையம் 7.10, சிங்காநல்லூர், ஆரப்பாளையம். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்பதால், எதுவும் எங்கே கைமாறுகிறது என்று குறிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. மாசி மாதத்தில் அவரோடு இந்தப் பத்தியாளர் கிளம்பிய ஆறு நாள் பயணமும் அப்படி ஒரு தாளில்தான் தொடங்கியது. சென்னை, ஊட்டி, கோவை, மதுரை, ராமேஸ்வரம், மறுபடி சென்னை. கார் கிடையாது, வேன் கிடையாது.

"ஒரு வண்டி பேசிட்டுப் போயிடலாமே சித்தப்பா?"

"வண்டி பேசினா டிரைவர் எப்ப டீ குடிக்கிறாரோ அப்பதான் நீயும் குடிக்கணும். ராத்திரிக்கு ரயிலு, பகலுக்கு பஸ்ஸு. பேசாம வா."

ராத்திரி ரயிலில் தூங்கினால் ஒரு நாள் லாட்ஜ் வாடகை மிச்சம். பகல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் ஊர் பார்த்த மாதிரியும் ஆயிற்று. ஐந்து மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்தால் இடுப்பு கேள்வி கேட்கும். இதுதான் அவருடைய மொத்த சாஸ்திரம்.

திட்டம் போட உட்கார்ந்தவர் முதலில் தேதியைப் பார்க்கவில்லை. இருப்பதிலேயே கிடைக்காத டிக்கெட் எது என்று பார்த்தார். சந்தேகமில்லாமல் அது நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு உள்ள 46 கி.மீ. தூரத்தை ஏற அதற்கு ஐந்து மணி நேரம் ஆகும். பஸ் அதில் பாதி நேரத்தில் மேலே போய்விடும். இருந்தாலும் கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பற்களைக் கவ்விக்கொண்டு ஏறுகிற ரயிலை நாட்டில் வேறு எங்கும் பார்க்க முடியாது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் வந்த பாதை. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பெட்டிகள் நாலைந்து, ஏற ஆசைப்படுகிறவர்கள் ஆயிரம். அந்த டிக்கெட் கிடைக்கும் தேதியில்தான் மற்ற ஐந்து நாளையும் கோக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. சென்னை சென்ட்ரலில் இரவு 9 மணி வாக்கில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மறுநாள் விடியற்காலை மேட்டுப்பாளையம் சேர்கிறது. மலை ரயில் கிளம்புவது அந்த மறுநாள். ஆகவே முதல் ரயிலுக்கான முன்பதிவு ஒரு காலையில் 8 மணிக்குத் திறக்கும், அடுத்ததற்கு 24 மணி நேரம் கழித்துத் திறக்கும். முதல் டிக்கெட்டை வாங்கிவிட்டு, இரண்டாவது கிடைக்குமா என்று ஒரு நாள் முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் இரண்டு நாளும் 7.55-க்கே பத்தியாளர் செல்போனும் கையுமாக உட்கார்ந்தார். கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தால்? "மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல இருந்து பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரம்தான். குன்னூர் வழியா ஒண்ணு, கோத்தகிரி வழியா ஒண்ணு" என்று தாளின் ஓரத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார் சித்தப்பா.

ராமேஸ்வரத்தில் இருந்து திரும்பும் டிக்கெட்தான் ஆர்.ஏ.சி.யில் நின்றது. ஆர்.ஏ.சி. என்றால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். யாராவது ரத்து செய்தால் படுக்கை கிடைக்கும். ரயிலில் ஏறவாவது முடியும் என்பதால் அது பாதகமில்லை. முழுக்கக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இணையவழி டிக்கெட்தான் மோசம். சார்ட் போட்டதும் தானாக ரத்தாகி, பணம் வங்கிக்குத் திரும்பிவிடும். அந்தப் பட்டியலிலும் வகை உண்டு. ரயில் புறப்படும் ஊரில் இருந்து கடைசி வரை போகிறவர்களுக்கான பொதுப் பட்டியல் சீக்கிரம் நகரும். நடுவில் ஏறி நடுவில் இறங்குகிறவர்களுக்கான பட்டியலுக்கு ஒதுக்கீடே கொஞ்சம் என்பதால் அது ஆமையாக நகரும். பொதுப் பட்டியலில் 10-ஆவது ஆளாக இருப்பவர் பெரும்பாலும் ஏறிவிடுவார். இந்த இரண்டாவது பட்டியலில் 4-ஆவது ஆளாக இருப்பவர் நடைமேடையிலேயே நின்றுவிடக்கூடும்.

கடைசி நேரத்துக்குத் தட்கல் இருக்கிறது. பயணத்துக்கு முந்தைய நாள் ஏசிக்கு 10 மணி, ஏசி இல்லாத வகுப்புக்கு 11 மணி. 2025 ஜூலையில் இருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பும் வேண்டும். அந்தப் பரபரப்பு வேண்டாம் என்பவர் ஒன்று செய்யலாம். பகல் ரயில்கள் பக்கம் பார்வையைத் திருப்பலாம். மதுரைக்கும் சென்னைக்கும் இடையே 1977 ஆகஸ்ட் 15 முதல் ஓடும் வைகை எக்ஸ்பிரஸ், ராத்திரி ரயில் எல்லாம் நிரம்பிய பிறகும் சில நேரம் இடம் வைத்திருக்கும்.

தேதி விஷயத்தில் பத்தியாளருக்கு ஒரு பழைய காயம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சேலத்தில் ரயில் ஏற வேண்டியிருந்தது. வண்டி 12.25-க்கு. வெள்ளிக்கிழமை ராத்திரிதானே என்று வெள்ளிக்கிழமைத் தேதியிலேயே டிக்கெட் எடுத்தார். ஏறிப் பார்த்தால் அவருடைய படுக்கையில் வேறொருவர் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். டி.டி.ஆர். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "உங்க வண்டி நேத்தே போயிடுச்சு சார்." நம் பஞ்சாங்கத்துக்கு நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குகிறது. நள்ளிரவு தாண்டினாலும் நமக்கு அது வெள்ளிக்கிழமை ராத்திரிதான். ரயில்வேயின் கடிகாரத்துக்கு 12 அடித்தால் சனிக்கிழமை. நள்ளிரவு 12-க்கும் விடிகாலை 4-க்கும் நடுவில் வரும் ரயில்களுக்கு டிக்கெட் எடுக்கும்போது பத்தியாளர் இன்று வரை இரண்டு முறை விரல் விட்டு எண்ணுகிறார்.

இவ்வளவும் வண்டிக்குள் உட்காருவது பற்றி. வெளியூர்ப் பயணத்தில் நேரமும் பணமும் ஒழுகுவது பெரும்பாலும் ஒரு வண்டியில் இருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் இடத்தில். முந்தைய தலைமுறை அதைக் 'கனெக்‌ஷன்' என்று சொல்லும். சித்தப்பாவின் தாளில் ஒவ்வோர் ஊருக்கு எதிரேயும் ஒரு சின்ன வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் நிமிடக் கணக்கு.

ரயில் நிலையங்கள் வைத்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. சென்ட்ரல் 1873-இல் இருந்து அங்கேதான். எழும்பூர் 1908-இல் இருந்து அங்கேதான். பஸ் ஸ்டாண்டுகள் மட்டும் ஊரை விட்டு நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு தலைமுறை பிராட்வேயில் பஸ் ஏறியது. 2002-இல் அது கோயம்பேட்டுக்குப் போனது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் திறந்தது. தெற்கே போகும் பஸ்கள் இப்போது அங்கிருந்து கிளம்புகின்றன. திருச்சியில் ஜங்ஷனில் இறங்கி நாலு எட்டு வைத்தால் மத்தியப் பேருந்து நிலையம் என்றிருந்த சுகமும், 2025-இல் பஞ்சப்பூர் முனையம் வந்த பிறகு பழங்கதை ஆகிவிட்டது. புறவழிச் சாலை ஓரம் பஸ் நிற்பதால் ஊருக்குள் நெரிசல் குறைகிறது, உண்மைதான். மதுரைக்கு எட்டு மணி நேரம் என்று கணக்குப் போடுகிற திருவொற்றியூர்க்காரர், கிளாம்பாக்கம் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் தனியாக வைக்க வேண்டியிருப்பதும் உண்மைதான். ரயிலிலும் டிக்கெட்டில் போட்டிருப்பது சென்ட்ரலா, எழும்பூரா, தாம்பரமா என்று ஒரு முறைக்கு இருமுறை பார்ப்பது நல்லது.

ஊட்டியில் இந்தத் தொல்லை இல்லை. ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலை ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவருக்கு அது தேவையில்லை. அதைப் படித்த அன்று சித்தப்பாவின் முகத்தில் தெரிந்த திருப்தி, பென்ஷன் உயர்ந்த அன்றுகூடத் தெரிந்ததில்லை.

நாலாம் நாள் காலை ஊட்டியில் இருந்து இறங்கும்போதுதான் கோவை என்ற பெரிய வட்டம் வந்தது. கோவைக்குப் புதிதாக வருகிறவர் 'கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டு' என்று ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்வார். ஊட்டி, மேட்டுப்பாளையம் பஸ்களுக்கு மேட்டுப்பாளையம் ரோடு. பொள்ளாச்சி, பாலக்காடு என்றால் உக்கடம். ஈரோடு, சேலம், சத்தியமங்கலம் பக்கம் காந்திபுரம். மதுரை, திருச்சி, கரூர் என்றால் சிங்காநல்லூர். இது தெரியாமல் ஒருமுறை காந்திபுரத்தில் பெட்டியோடு முக்கால் மணி நேரம் மதுரை பஸ்ஸைத் தேடிய பெருமை பத்தியாளருக்கு உண்டு. இந்த முறை மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கி, டவுன் பஸ்ஸில் ஊரைக் குறுக்கே வெட்டி, சிங்காநல்லூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தாளில் 75 நிமிடம் போட்டிருந்தது. பொள்ளாச்சி, பழனி வழியாக மதுரைக்குப் போகும் ரயிலும் உண்டு. அந்த ரயிலின் நேரத்துக்குக் காத்திருந்தால் ஊட்டியில் இருந்து இறங்கும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சிங்காநல்லூரில் மதுரை பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாக ஒரு துண்டு, ஒரு மஞ்சள் பை, ஒரு குழந்தை என்று வரிசையாக உள்ளே போயின. அறுபது நாளுக்கு முன்பே இடம் பிடிக்கும் ரயிலுக்கும், அறுபது விநாடிக்கு முன்னால் துண்டு போடும் பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே நின்று பார்க்க வேண்டும். சித்தப்பா துண்டு போடவில்லை. "அடுத்த வண்டி பின்னாலயே நிக்குது" என்றார். அதில் ஜன்னல் ஓரம் இரண்டும் காலியாக இருந்தன. பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல். பகல் பஸ்ஸுக்கு முன்பதிவு தேவையில்லை. பத்து நிமிடப் பொறுமை போதும். இது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் செல்லாது. அந்த வாரங்களில் ரயில் சில நிமிடங்களில் நிரம்பும், ஆம்னி பஸ் கட்டணம் விமானத்தோடு போட்டி போடும்.

மதுரையிலும் மூன்று வாசல். கோவை பஸ் நிற்பது ஆரப்பாளையம். ராமேஸ்வரத்துக்கு பஸ் பிடிக்க மாட்டுத்தாவணி. ரயில் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் பெரியார். மறுநாள் காலை ரயில் என்பதால் அவர்கள் ஜங்ஷனை ஒட்டியே அறை எடுத்தார்கள். முன்பதிவு இல்லாத டிக்கெட், 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியிலேயே கிடைத்தது. வரிசையில் நிற்கும் வேலையும் இல்லை.

ரயில் மானாமதுரை தாண்டியதும் சித்தப்பா போட் மெயில் கதையை எடுத்தார். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபோது, சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், இறங்கினால் கொழும்புக்கு ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்தப் பாதை அறுந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு நாட்டு ரயிலையும் ஒரு கப்பலையும் ஒரே சீட்டில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்து சிங்காநல்லூருக்குப் போகத் தனி டிக்கெட், அங்கிருந்து மதுரைக்கு இன்னொரு டிக்கெட், ராமேஸ்வரத்துக்கு மூன்றாவது என்று எடுத்துக்கொண்டு வந்தவருக்கு அது கொஞ்சம் உறுத்தியது. சென்னைக்குள் மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் என்று 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. ஊர் விட்டு ஊர் போகிறவருக்கு அப்படி ஒரே சீட்டாக எதுவும் கையில் வரவில்லை.

மண்டபம் நெருங்கியதும் சித்தப்பா தாளை எடுத்தார். அதில் 'மண்டபம் - இறங்கி பஸ்' என்று எழுதி அடித்திருந்தது. 2023-இல் வந்தபோது எழுதியதை அப்படியே பார்த்து நகல் எடுத்திருக்கிறார். பழைய பாலம் பலவீனமாகிவிட்டதால் 2022 டிசம்பர் 23 முதல் தீவுக்குள் ரயில் போகவில்லை. மண்டபத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு சாலைப் பாலம் வழியாக பஸ்ஸில்தான் ராமேஸ்வரம் போக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறந்தது. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு, கப்பல் வந்தால் லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும்பும்.

ரயில் கடலுக்கு மேல் வந்தது. வலப்பக்கமா இடப்பக்கமா என்று பெட்டி முழுக்கத் தள்ளுமுள்ளு. பக்கத்தில் சாலைப் பாலத்தின் மேலே ஒரு அரசு பஸ் வேகம் குறைந்து நின்றது. அதன் ஜன்னல்களில் இருந்து ஏழெட்டுக் கைகள் செல்போனை நீட்டி ரயிலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. ரயில் பெட்டிக்குள் இருந்தவர்கள் அந்த பஸ்ஸைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கையை ஆட்டுடா, நம்மள எடுக்கிறாங்க" என்றார் சித்தப்பா, காலண்டர் தாளையே கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு.