பெரிய புரோசசர் வீட்டிலா, ஆய்வகத்திலா?

ஒவ்வொரு செமஸ்டரின் தொடக்கத்திலும் இளைய மாணவர்கள் கேட்கும் கேள்வி, "அக்கா, என்ன கணினி வாங்கலாம்?" என்பதுதான். அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "சாதாரண டெஸ்க்டாப் புரோசசர் போதுமா, இல்லை ஒர்க்ஸ்டேஷன் புரோசசர் வாங்கணுமா?" யூடியூப் காணொளிகளும் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களும் இந்தக் கேள்வியை வளர்த்துவிட்டிருக்கின்றன. பொறியியல், அனிமேஷன், தரவு அறிவியல் என்று எந்தத் துறை மாணவரானாலும் "சீரியஸாகப் படிப்பவருக்கு ஒர்க்ஸ்டேஷன்தான்" என்ற பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாணவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சாதாரண டெஸ்க்டாப் புரோசசரே சரியானது. ஒர்க்ஸ்டேஷன் புரோசசர் தேவைப்படும் வேலைகளும் உண்டு. ஆனால் அந்தக் கணினி ஒரு மாணவரின் படுக்கையறையில் இருக்க வேண்டியதில்லை. பலரும் பயன்படுத்தும் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஏ.எம்.டி. நிறுவனத்தின் இரண்டு புரோசசர்களை எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டில் வந்த ரைசன் 9 9950எக்ஸ், டெஸ்க்டாப் வகை. 16 கோர்கள், உச்ச வேகம் 5.7 கிகாஹெர்ட்ஸ், அறிமுக விலை 649 அமெரிக்க டாலர். 2023 நவம்பரில் வந்த திரெட்ரிப்பர் 7960எக்ஸ், ஒர்க்ஸ்டேஷன் வகை. 24 கோர்கள், உச்ச வேகம் 5.3 கிகாஹெர்ட்ஸ், அறிமுக விலை 1,499 டாலர். டாலருக்கு 4 வெள்ளி 40 சென் என்று கணக்கிட்டால் முன்னது ஏறக்குறைய 2,850 வெள்ளி, பின்னது 6,600 வெள்ளி.

கவனித்துப் பாருங்கள். விலை கூடியதில் கோர் அதிகம், ஆனால் ஒவ்வொரு கோரின் உச்ச வேகம் குறைவு. ஒரே ஒரு கோரை மட்டும் நம்பி ஓடும் மென்பொருளுக்கு விலை குறைந்த புரோசசரே வேகமாக இருக்கும்.

விலை வித்தியாசமும் புரோசசரோடு நிற்பதில்லை. திரெட்ரிப்பருக்குத் தனி மதர்போர்ட் வேண்டும். டெஸ்க்டாப்பில் போடும் சாதாரண ரேம் அதில் ஏறாது. 'ரெஜிஸ்டர்ட்' வகை ரேம் வாங்க வேண்டும். அதன் வெப்ப அளவு 350 வாட், ரைசனுக்கோ 170 வாட். எனவே குளிரூட்டியும் மின்வழங்கியும் பெரியவையாக வேண்டும். ஏர்கோன் இல்லாத அறையில் மத்தியான வெயிலில் இதை ஓட்டினால் எப்படி இருக்கும் என்பதை நம் நாட்டு மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. இன்டெல்லின் கோர் ஐ9-14900கே புரோசசரிலும் 24 கோர்கள் உண்டு. ஆனால் அவற்றில் 8 மட்டுமே முழுவேகக் கோர்கள். மற்ற 16 மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிறிய கோர்கள். கடைப் பலகையில் இரண்டிற்கும் '24' என்றுதான் எழுதியிருக்கும்.

அன்னதானக் கணக்கு

"கோர் கூடினால் வேலை வேகமாகும்தானே?" என்று கேட்கலாம். இதற்கு 1967-இல் ஜீன் அம்டால் எனும் அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ஒரு பதில் சொன்னார். ஒரு வேலையில் எந்தப் பகுதியைப் பிரித்துச் செய்ய முடியாதோ, அந்தப் பகுதிதான் மொத்த வேகத்துக்கும் எல்லை போடுகிறது என்றார்.

கோயில் அன்னதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்க எத்தனை பேர் வந்தாலும் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அண்டாவில் சோறு வேகும் நேரத்தை யாராலும் பங்குபோட முடியாது.

ஒரு கோர் செய்தால் 10 மணி நேரம் எடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 9 மணி நேர வேலையைப் பிரிக்கலாம், 1 மணி நேர வேலையைப் பிரிக்க முடியாது. 16 கோர்கள் இருந்தால் அந்த வேலை ஏறக்குறைய 1 மணி 34 நிமிடத்தில் முடியும். 32 கோர்களில் 1 மணி 17 நிமிடம். 64 கோர்களில் 1 மணி 8 நிமிடம். 16-லிருந்து 64-க்குப் போனதில் மிச்சமானது சுமார் 25 நிமிடம். 64 கோர் கொண்ட திரெட்ரிப்பர் 7980எக்ஸின் அறிமுக விலை 4,999 டாலர். அந்த 25 நிமிடத்துக்கு ஏழு மடங்குக்கும் மேலான விலை!

இத்தனைக்கும், பத்தில் ஒன்பது பங்கைப் பிரிக்கக்கூடிய வேலைக்கான கணக்கு இது. நாம் அன்றாடம் செய்யும் பல வேலைகள் அந்த அளவுக்குக்கூடப் பிரியாதவை. ஆட்டோகேட்டில் வரைவது, சாலிட்வொர்க்ஸில் ஒரு பாகத்தை வடிவமைப்பது, சாதாரணமாக எழுதிய ஒரு பைத்தான் நிரல் ஆகியவை பெரும்பாலும் ஒரே கோரில் ஓடுபவை. பிளெண்டரில் படங்களை ரெண்டர் செய்பவர்களுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு தரும் பலனைப் புரோசசர் தராது.

உண்மையில் யாருக்குத் தேவை?

ஒர்க்ஸ்டேஷன் புரோசசர் வீண் என்று நான் சொல்லவில்லை. என் துறையிலேயே அது தேவைப்படும் வேலை இருக்கிறது. காற்றும் நீரும் ஒரு பொருளைச் சுற்றி எப்படி ஓடுகின்றன என்று கணிக்கும் ஓபன்ஃபோம் போன்ற மென்பொருள்கள் ரேமிலிருந்து ஓயாமல் தரவை இழுக்கும். ரைசனில் ரேமுக்குப் போக இரண்டு வழித்தடங்கள். விநாடிக்கு அதிகபட்சம் 89.6 ஜிபி தரவு வரும். அதை 16 கோர்களும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஓரளவுக்கு மேல் கோர்கள் வேலையின்றித் தரவுக்காகக் காத்து நிற்கும். திரெட்ரிப்பர் 7960எக்ஸில் நான்கு வழித்தடங்கள், விநாடிக்கு 166.4 ஜிபி. இந்த வேலைக்கு இதுதான் உண்மையான பலன். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், கோர் எண்ணிக்கையைத்தான் சொல்வார்.

ரேமின் கொள்ளளவும் ஒரு காரணம். ரைசன் 9950எக்ஸ் அறிமுகமானபோது 192 ஜிபி வரை ஏற்றது. திரெட்ரிப்பர் 7000 வரிசை 1 டெராபைட் வரை ஏற்கும். பெரிய கட்டமைப்பின் அழுத்தத்தைக் கணிக்கும்போது ரேம் போதாவிட்டால், கணினி டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கத் தொடங்கி நத்தையாக நகரும். ஒரே கணினியில் மூன்று நான்கு கிராபிக்ஸ் கார்டுகளை முழு வேகத்தில் ஓட்ட நினைப்பவர்களுக்கும், நாள் கணக்கில் நிறுத்தாமல் கணக்கிடுபவர்களுக்கும் இந்த வகைதான் பொருத்தம்.

ஆனால் ஓர் இளங்கலை மாணவர் இப்படிப்பட்ட வேலையை எத்தனை நாள் செய்கிறார்? இறுதியாண்டுத் திட்டப்பணியில் சில வாரங்கள். அந்தச் சில வாரங்களுக்காக நான்கு ஆண்டுப் பணத்தை முடக்குவதா?

அப்பாவின் பணம், அம்மாவின் நகை

போன செமஸ்டரில் ஓர் இளைய மாணவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். அப்பா லாரி ஓட்டுநர். பி.டி.பி.டி.என். கடன் பணத்தோடு அம்மாவின் நகையையும் அடகு வைத்து ஒர்க்ஸ்டேஷன் வாங்கலாம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. "பிள்ளை படிப்புக்குத்தானே" என்று அந்த அம்மா சொன்னாராம். அவருடைய பழைய கணினியில் அவர் வழக்கமாகச் செய்யும் வேலையைத் திறந்து வைத்து 'டாஸ்க் மேனேஜரை'ப் பார்த்தோம். புரோசசர் பெரும்பாலும் ஓய்வாக இருந்தது. 8 ஜிபி ரேம் மட்டும் நிரம்பி வழிந்தது. ரேமைக் கூட்டியதும் சிக்கல் தீர்ந்தது. நகை வீட்டிலேயே இருக்கிறது.

நம் குடும்பங்களில் படிப்பு என்று சொன்னால் கேள்வி கேட்காமல் பணம் தருவார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பது நம் கடமை. வாங்கும் முன் நாம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அந்தச் சோதனையை யாரும் செய்யலாம். உங்கள் மென்பொருளில் மெதுவாக நடக்கும் வேலையை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். 16 கோர், 32 திரெட் கொண்ட கணினியில் மொத்தப் பயன்பாடு 3 விழுக்காடு என்று காட்டினால், உங்கள் மென்பொருள் ஒரே ஒரு திரெட்டில் ஓடுகிறது என்று பொருள். அதற்கு எத்தனை கோர் வாங்கினாலும் பயனில்லை. ரேம் நிரம்பியிருந்தால் ரேம் வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடினால் அதற்குச் செலவழியுங்கள். எல்லாக் கோர்களும் மணிக்கணக்கில் 100 விழுக்காட்டில் நின்றால் மட்டும் பெரிய புரோசசரைப் பற்றி யோசியுங்கள்.

"பின்னால் தேவைப்படுமே!"

இதுதான் நான் அதிகம் கேட்கும் மறுப்பு. வரலாறு வேறு கதை சொல்கிறது. 2017 ஆகஸ்டில் முதல் திரெட்ரிப்பர் வரிசை வந்தபோது, 16 கோர் கொண்ட 1950எக்ஸ் 999 டாலர். 2019 நவம்பரில் அதே 16 கோர்கள், ரைசன் 9 3950எக்ஸ் வடிவில், சாதாரண டெஸ்க்டாப் மதர்போர்டிலேயே ஏறின. விலை 749 டாலர். இரண்டே ஆண்டுகளில் பெரிய வகையின் பெருமை சின்ன வகைக்கு இறங்கிவிட்டது.

அதே 2019-இல் திரெட்ரிப்பர் 3000 வரிசைக்காகப் புதிய மதர்போர்ட் வாங்கியவர்களின் நிலை இன்னும் மோசம். அடுத்த 5000 வரிசை 'ப்ரோ' வகையில் மட்டும், வேறு மதர்போர்டுக்கு வந்தது. அவர்களால் ஒரு படிகூட மேலே ஏற முடியவில்லை. டெஸ்க்டாப் வகைக்கான ஏ.எம்.5 மதர்போர்டுகளையோ 2027-க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. இன்று தேவையானதை வாங்கி, மிச்சத்தைச் சேமித்து, தேவை வரும்போது புரோசசரை மட்டும் மாற்றுவதே மலிவான எதிர்காலத் திட்டம்.

கேட்டுப் பெறுவோம்

அப்படியானால் வசதி குறைந்த மாணவர் பெரிய ஆய்வைக் கனவு காணக் கூடாதா? கட்டாயம் காண வேண்டும். அதனால்தான் அந்தக் கணினி பொதுவில் இருக்க வேண்டும் என்கிறேன். நாற்பது மாணவர்கள் ஆளுக்கொரு பெரிய புரோசசர் வாங்கினால் அவை ஆண்டில் பெரும்பாலான நாள் சும்மா கிடக்கும். துறைக்கு ஒன்றோ இரண்டோ இருந்து, முன்பதிவு செய்து, வீட்டிலிருந்தே இணையம்வழி வேலை அனுப்ப முடிந்தால், அவை இரவும் பகலும் உழைக்கும்.

சில துறைகளில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் முதுகலை மாணவர்களுக்கு மட்டும். இளங்கலை மாணவர்கள் கேட்பதில்லை என்பதாலேயே திறக்கப்படுவதில்லை. திட்டப்பணி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். எத்தனை மணி நேரம், எவ்வளவு ரேம் தேவை என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். நம் இந்திய மாணவர் சங்கங்களும் ஆண்டு விருந்துச் செலவில் ஒரு பகுதியையும் முன்னாள் மாணவர் நன்கொடையையும் சேர்த்து ஒரு பொதுக் கணினியை அமைக்க முன்வரலாம். அதுவரை மேகக் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். மைக்ரோசாப்ட் தன் 'அஷூர்' சேவையில் தகுதியுள்ள மாணவர்களுக்குக் கடன் அட்டை இல்லாமலே 100 டாலர் மதிப்பை வழங்குகிறது.

1972-இல் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை தொடங்கின. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, உலகம் பயன்படுத்தும் புரோசசர்களை ஒருங்கிணைத்துச் சோதிக்கும் வேலை நம் நாட்டில் நடக்கிறது. அங்கே ஒரு சிப் சோதித்துப் பார்க்காமல் வெளியே போவதில்லை. அதை வாங்கும் நாமும் நம் தேவையைச் சோதித்துப் பார்க்காமல் பணத்தை வெளியே எடுக்கக் கூடாது.