வெளி வீதிக்குள் எத்தனை கார்?

மதுரை ஊருக்குள் தெருவுக்கென்று பெரிய அளவில் கடைசியாக இடம் கிடைத்தது 1840களில். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் நாயக்கர் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அப்படி வந்தவை. (பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குத்தூண் இன்று ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஜவுளிக்கடைப் பகுதிக்கும் பெயராக நிற்கிறது.) அதற்கு உள்ளே மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி எதுவும் அகலமாகவில்லை, ஆக்கிரமிப்பில் குறுகியதுதான் மிச்சம். இனி இடிக்கக் கோட்டையும் இல்லை. ஆனாலும் "பார்க்கிங் பத்தவில்லை" என்ற புகார் வரும்போதெல்லாம், நம் நகரமைப்புத் துறை புது இடம் தேடித்தான் கிளம்புகிறது.

அப்படித் தேடிக் கிடைத்தது வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த மனை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அங்கே பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் கட்டப்பட்டது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டி போகாது. வெளியூர்ப் பக்தருக்கு அருகே ஓர் இடம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. இடத்தேர்வுதான் உறுத்துகிறது. நெரிசல் குறையட்டும் என்று காய்கறி மார்க்கெட்டை மாட்டுத்தாவணிக்கு அனுப்பினோம். லாரி போன இடத்துக்குக் காரை வரவழைத்துவிட்டோம். அங்கே வரும் ஒவ்வொரு காரும் வெளி வீதியையும் மாசி வீதியையும் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். கட்டடத்தால் தெருவின் சுமை குறைகிறது, கட்டடத்துக்குப் போகும் வழியில் கூடுகிறது.

கோயிலைச் சுற்றி 1 கி.மீ.க்குள் 9 மீட்டருக்கு மேல் உயர்த்த அனுமதி இல்லை. எனவே காரைப் பூமிக்கடியில்தான் இறக்க முடியும். நம் கட்டட விதிப்படி ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 ச.மீ. சரிவுப்பாதை, திரும்பும் பாதை எல்லாம் சேர்த்தால் திறந்த வெளியில் 23, அடித்தளத்தில் 32 ச.மீ. என்று டெல்லி முழுமைத் திட்டம் கணக்கிடுகிறது. கீழமாசி வீதியில் 32 ச.மீ. கிடைத்தால் அங்கே இரண்டு மளிகைக் கடை நடக்கும். ஒரு காருக்கான அந்த 12.5 ச.மீ.யில் விதிப்படியே ஆறு டூ வீலரைத் தாராளமாக நிறுத்தலாம். மதுரை டூ வீலர் ஊர் என்பதை வரைபடம் போடும்போது மறந்துவிடுகிறோம்.

காலையில் ஷட்டர் தூக்கும் நேரத்தில் தெற்கு ஆவணி மூல வீதியில் போய் நின்று பாருங்கள். நகைக்கடை வாசல்களில் முதலில் வந்து நிற்பவை முதலாளியின் காரும் கடைப் பையன்களின் வண்டிகளும்தான். இரவு கடை சாத்தும்வரை அவை அசையாது. பதினோரு மணிக்குக் குடும்பத்தோடு வருகிற வாடிக்கையாளருக்கு ஓரம் இல்லை. டிரைவர் காரை இரண்டாம் வரிசையில் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். பின்னால் சரக்கு இறக்க வந்த குட்டியானை ஹாரன் அடிக்கும். இதைப் பார்த்துவிட்டு "இடம் போதவில்லை" என்று அறிக்கை எழுதுகிறோம். இடம் இருக்கிறது, அது நாள் முழுக்க ஓசியில் போய்விடுகிறது.

சாலையோர இடத்துக்கு நிலத்தின் மதிப்புக்கு ஏற்ற கட்டணம் வேண்டும் என்று 2006 தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்லிவிட்டது. எந்நேரமும் ஓரிரு இடம் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வையுங்கள் என்பதுதான் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தது. மதுரையில் இதை மனதாரச் செய்து பார்த்ததாகச் சொல்ல முடியாது.

இந்த நெரிசலில் நம் கையெழுத்தின் பங்கும் சிறிதல்ல. பரப்பு கூடக் கூட கார் இடமும் கூட வேண்டும் என்ற விதியைப் புறநகருக்கும் மாசி வீதிக்கும் ஒரே கண்ணால் பார்க்கிறோம். கட்டட முடிவுச் சான்று வாங்கும்வரை அடித்தளம் பார்க்கிங், பிறகு குடோன். இதை அறியாத திட்ட அலுவலர் யாரும் இல்லை. மெக்சிகோ சிட்டி 2017இல் குறைந்தபட்ச அளவை எடுத்துவிட்டு உச்ச வரம்பு வைத்தது. வெளி வீதிக்குள் நமக்கும் தேவை அதுதான்: இத்தனை காருக்கு மேல் கூடாது என்ற வரம்பு.

கார் வராவிட்டால் வியாபாரம் கே.கே. நகருக்கும் பைபாஸுக்கும் போய்விடும் என்று வணிகர்கள் அஞ்சுவது புரிகிறது. ஆனால் தீபாவளி நெருக்கத்தில் மாசி வீதிகளிலும் விளக்குத்தூணிலும் போலீஸார் வண்டிகளை மறிக்கிறார்கள். கூட்டம் நடந்தே வருகிறது. ஆண்டின் பெரிய வியாபாரம் அந்த நாட்களில்தான்.

வண்டிகளை நிறுத்த விளிம்பில் இடம் வேண்டும் என்றால் பெரியார் பஸ் நிலையத்தின் கீழ்த்தளம் போன்ற, ஏற்கெனவே கட்டிய இடங்களிலிருந்து தொடங்கலாம். அங்கிருந்து உள்ளே பேட்டரி வண்டி ஓடட்டும். மாட்டுத்தாவணிப் பக்கம் காலி நிலம் தெரிகிறதே என்று வண்டியூர்க் கண்மாய்க் கரைமேல் யாரும் கண் வைக்க வேண்டாம்.

வெளி வீதிக்குள் வேலை பார்க்கும் வாசகர்கள் ஒரே ஒரு தெருவை எடுத்து, காலை முதல் இரவு வரை எந்த வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்று குறித்து இதழுக்கு அனுப்புங்கள். அடுத்த பல அடுக்குக் கட்டடத்துக்கு மதிப்பீடு போடும் முன் அந்தக் கணக்கு மேசையில் இருக்க வேண்டும்.